வண்டியை ஓட்டியது நான்தான்

1

போன சனிக்கிழமை காலை மெல்பர்னில் ஒரு போலீஸ்காரப் பெண் என் காரை ஓரங்கட்டச் சொன்னார்.

இங்கே இது சாதாரணம். சாலையோரத்தில் போலீஸ் வேன் நிற்கும். வருகிற வண்டிகளையெல்லாம் நிறுத்தி, குடித்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள். கையடக்கமான ஒரு கருவியை வாயருகே நீட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வார்கள். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன். நேரமோ காலை, போவதோ இறைச்சிக் கடைக்கு. பக்கத்தில் என் மனைவி நூர்ஜஹான், மடியில் துணிப்பையோடு. பயப்பட ஒன்றுமே இல்லை.

ஆனால் கருவி வாய்க்கு எதிரே வந்ததும், இத்தனை வருடம் சோறு போட்ட ஆங்கிலம் எங்கோ ஓடிவிட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று விருதுநகர்க் கடையில் தேங்காய் எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டே போனேன். பாதியில்தான் உறைத்தது. நிறுத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"எந்த மொழியில் எண்ணினாலும் இதற்குச் சம்மதம்தான்," என்று சிரித்துக்கொண்டே கருவியைத் திருப்பிப் பார்த்தார் அந்தப் பெண். "எல்லாம் சரி ஐயா. நீங்கள் போகலாம்."

போயிருக்க வேண்டியதுதானே? நான் போகவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன்:

"வண்டியை ஓட்டியது நான்தான்."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த என் இரண்டு கைகளையும் பார்த்தார். "அது எனக்கும் தெரிகிறது ஐயா," என்றார் மெதுவாக, கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்ற கவலையோடு.

நூர்ஜஹான் துணிப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது.

2

இந்தப் பத்திரிகையின் பழைய வாசகர்கள் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, அச்சுத் தொழில் படித்து, சிவகாசியில் அச்சின் நிறம் சரியா என்று பார்க்கக் கற்றுக்கொண்டு, மெல்பர்னில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நிறம் பார்த்தே ஓய்வு பெற்றவன். அவ்வப்போது இங்கே எழுதுவேன். எழுதியதில் பாதி உபதேசம் என்பது இப்போது படித்துப் பார்த்தால் தெரிகிறது. சாலையைக் கடக்க ஒருவர் நின்றால் இங்கே கார்கள் தானாக நிற்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன். நம் ஊரில் போலீஸ்காரர் வாய் திறப்பதற்கு முன்பே நம் கை சட்டைப்பைக்குப் போய்விடுகிறது என்று கிண்டலாக எழுதியிருக்கிறேன். வாசகர்கள் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

என் மகள் யாஸ்மினைப் பற்றியும் எழுதினேன். அவள் வேகமாக ஓட்டியதைச் சாலைக் கேமரா படம்பிடித்துவிட்டது. இங்கே அபராதத்தோடு லைசென்ஸில் புள்ளிகளும் ஏறும். ஒரு அளவைத் தாண்டினால் சில மாதங்களுக்கு ஓட்ட முடியாது. யாஸ்மின் ஏற்கெனவே அந்த விளிம்பில் இருந்தாள். "வண்டியை ஓட்டியது நான் இல்லை, இன்னார்" என்று எழுதிக் கொடுத்தால் புள்ளிகள் அந்த இன்னாருக்குப் போய்விடும்.

"அம்மா, நீங்க ஓட்டுனதா சொல்லிருங்களேன், ப்ளீஸ்," என்று அவள் கேட்டாள். நூர்ஜஹானும் சரி என்று பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். உண்மை, பொறுப்பு, நாணயம் என்று சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினேன். யாஸ்மின் கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் பஸ்ஸும் ரயிலுமாக அலைந்தாள். அதை நான் ஒரு கட்டுரையாக, அவள் பெயரைப் போட்டே, இந்தப் பக்கங்களில் எழுதினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அம்மாதான் வாசித்துக் காட்டினாள். அதன் பிறகு கொஞ்ச காலம் மகள் என்னிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினாள். அத்தா என்று அழைக்க வேண்டிய இடத்தில் வெறும் இருமல்தான் வரும்.

3

போன வருடம் பட்டாசு சீசனில் ஊருக்குப் போயிருந்தோம். நூர்ஜஹானின் தம்பி காதர் சிவகாசியில் காலண்டர் ஆர்டர் எடுத்து அச்சடித்துக் கொடுக்கிறார். தங்கியது விருதுநகரில், அவர் வீட்டில். அவருடைய காருக்கு டிரைவர் எம். புதுப்பட்டிக்காரரான பால்பாண்டி.

பால்பாண்டியின் முக்கிய வேலை கார் அல்ல, வேன். விடியும்போதே ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றிக் கம்பெனியில் விடுவார். சாயங்காலம் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். நடுவில் கிடைக்கிற பகலில் காதரின் கார். நல்ல நெட்டை. காரிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தால் மடக்கிய குடையை விரிப்பது போலிருக்கும். நான் அதற்கு நேர்மாறு. சட்டை வாங்கப் போனால் சிறுவர்கள் பகுதியில் தேடலாமா என்று நூர்ஜஹான் கேட்கிற அளவு.

அன்று காதரின் அச்சகத்துக்கு நானும் பால்பாண்டியும் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். திருத்தங்கல் வருவதற்கு முன்னால் எனக்கு ஆசை வந்தது.

"பால்பாண்டி, கொஞ்ச தூரம் நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"ஓட்டுறதுக்கென்ன பாய். லைசென்சு இருக்கா?"

"ஆஸ்திரேலியா லைசென்ஸ் இருக்கு."

"அத இங்கன சொவத்துலதான் மாட்டி வைக்கணும்."

அவர் சொன்னது சரி. அந்த லைசென்ஸை வைத்து நம் நாட்டில் ஓட்ட வேண்டுமானால் அங்கேயே ஒரு சர்வதேச அனுமதி வாங்கி வந்திருக்க வேண்டும். வாங்குங்கள் என்று நாங்கள் புறப்படும்வரை யாஸ்மின் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான், யார் ஓட்டப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது அதையெல்லாம் யோசிக்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்து, கால் எட்டவில்லை என்பதால் இருக்கையை முன்னால் தள்ளினேன், அதற்குமேல் போகாது என்கிற வரைக்கும்.

"ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடிச்சிட்டு இருக்கீக பாய்," என்றார் பால்பாண்டி.

நன்றாகத்தான் ஓட்டினேன். சிவகாசியின் விளிம்பில், ஒரு கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பெண்கள் சிலர் சாலையைக் கடக்க நின்றார்கள். கையில் தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு. மெல்பர்ன் கால் தானாக பிரேக்கை மிதித்தது. நின்று, புன்னகை செய்து, போங்கள் என்று கையைக் காட்டினேன்.

அவர்கள் நகரவில்லை. சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"எதுக்குடி நிப்பாட்டிருக்காரு?"

"வழி கேக்காரோ?"

"கையக் கையக் காட்டுறாரு பாரேன், யாருன்னு தெரியலையே."

"பாய், எடுங்க, எடுங்க," என்று பால்பாண்டி பதறினார். "இங்கன யாரும் இப்படி நிக்க மாட்டாக."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஒரு மொபட் வந்து இடித்தது.

மொபட்காரருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அவர் பின்னால் கட்டியிருந்தது ஒரு காலண்டர் லோடு. தினசரி காலண்டரின் மேல்பாதியில் வருகிற படங்கள், அச்சடித்துக் காயவைத்து அட்டையில் ஒட்டப் போகிற கட்டு. கயிறு அறுந்து, காற்று வேறு அடித்து, சாலை முழுக்க லட்சுமி, முருகன், மக்கா, வேளாங்கண்ணி மாதா. அதற்கப்புறம் ஒரு வண்டியும் நகரவில்லை. எந்த டிரைவர் எதன்மேல் சக்கரத்தை ஏற்றுவார்? இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. ஹாரன்கூட யாரும் அடிக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்கள் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். அவரவர் சாமியை அவரவர் பொறுக்கவில்லை, கைக்குக் கிடைத்ததைப் பொறுக்கினார்கள். ஒரு பெரியவர் மக்கா படத்தைத் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார். நான் முருகனை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில்தான் பால்பாண்டி என் காதருகே வந்து, "பாய், அந்தப் பக்கம் போயி உக்காருங்க. வெரசா," என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், நானும் மறுக்க வேண்டியிருந்திருக்கும். காரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் ஓட்டுகிற இடத்தில் ஏறினார். இருக்கையைப் பின்னால் தள்ள நேரமில்லை. சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு போலீஸ்காரரும் அதற்குள் வந்துவிட்டார்கள்.

"யாருய்யா ஓட்டுனது?"

"நான்தான் சார்," என்றார் பால்பாண்டி.

சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பால்பாண்டியின் இரண்டு முழங்கால்களும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் தாடை உயரத்துக்கு வந்து நின்றன.

"இப்படியா ஓட்டிக்கிட்டு வந்த?"

"பழக்கந்தான் சார்."

பெண்களில் ஒருத்தி, "இல்லையே, அந்தத் தாத்தாதான..." என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். மரியாதையாகக் குனிந்து, "அய்யா, நீங்க சொல்லுங்க. யாரு ஓட்டுனது?" என்றார்.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். "டிரைவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், ஆபீசர்." தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் நன்றாக வந்தது.

"சரிங்கய்யா, நீங்க வெயில்ல உக்காந்திருக்காதீங்க, எறங்கி அப்படி நெழலுக்குப் போங்க," என்றார் அவர்.

அந்தப் போலீஸ்காரர் இளவயதுக்காரர். "ஏலே, எறங்குடா," என்று பால்பாண்டியின் சட்டையைப் பிடித்து இறக்கி, பிடரியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். சாவியைப் பிடுங்கினார். நடுரோட்டில் திடீரென்று வண்டியை நிறுத்தினான் என்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பி நிறுத்தி வைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

நான் அப்போது வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இன்னும் முருகன் படம் இருந்தது.

4

காதருக்கு இது ஒரு நகைச்சுவை. இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார்.

"அக்கா, ஒன் வீட்டுக்காரரு நடுரோட்டுல நிப்பாட்டி வாங்க, போங்கன்னு ஜனங்களுக்குப் பந்தி பரிமாறுறாரு! நம்ம ஆளுக பயந்துபோயி நிக்கிறாக!"

"பால்பாண்டி லைசென்ஸ் என்னாச்சு மச்சான்?" என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கிறேன் மச்சான். டிரைவருன்னா இதெல்லாம் உள்ளதுதான. சீசன் முடியட்டும், ஸ்டேஷன்ல ஆளப் பிடிச்சுப் பேசி வாங்கிருவோம்."

சீசன் முடியட்டும் என்பதில்தான் விஷயமே இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் லைசென்ஸ் இல்லாதவர் கையில் வேனைத் தர மாட்டார்கள். ஆட்களை ஏற்றுகிற வண்டி. அதில் அவர்கள் கண்டிப்பு. மறுநாளே வேறொருவர் வேனை எடுத்தார். தீபாவளிக்கு முந்தைய மாதங்கள்தான் அந்த வட்டாரத்துக்கு வருடம். அதை இழந்தால் வேன் நிரந்தரமாகவே அந்த வேறொருவருடையதாகிவிடும்.

விபத்து நடந்த இரவே யாஸ்மின் வீடியோவில் வந்தாள். மாமா எதையோ சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்திருந்தது.

"அத்தா, நீங்க அங்க டிரைவ் பண்ணீங்களா?"

"சிக்னல் சரியில்லம்மா, கேக்கல," என்றேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவள் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது.

போனை வைத்ததும் நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொன்னது ஒன்றுதான்: "புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போனா."

5

மறுநாள் எம். புதுப்பட்டிக்கு பஸ்ஸில் போனேன். பால்பாண்டி வாசலில் கட்டில் போட்டு, வேலையில்லாதவனுக்கு உரிய மும்முரத்தோடு ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். அவர் மனைவி செல்வி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்; அன்று விடுப்பு.

"வாங்க பாய், உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்று எழுந்தார் பால்பாண்டி.

"ஸ்டேஷனுக்குப் போயி நான்தான் ஓட்டுனேன்னு சொல்லப் போறேன்."

அவர் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. "அய்யய்யோ, வேணாம் பாய்! நீங்க உண்மையச் சொன்னா நான் பொய் சொன்னவன் ஆயிருவேன்ல? அதுக்கு வேற ஒரு கேசப் போட்டுட்டாகன்னா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. என் நேர்மைக்கும் அவர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும் போலிருந்தது.

"ஒங்கள யாரு இடம் மாறச் சொன்னா?" என்று செல்வி அவரைத் திருப்பிக் கேட்டார். "ஒடனே போயி உக்காந்துக்கிட்டு! ஒட்டகம் பொட்டியில உக்காந்த மாதிரி."

"பெரிய மனுசரு, போலீசு கேட்டா நடுங்குவாரேன்னு பாத்தேன்."

"நடுங்கட்டுமே. எம்புட்டு நேரம் நடுங்கிருவாரு?" செல்வி என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீக பாய். ஆஸ்திரேலியாவுல இப்படி ஆள் மாத்துவாகளா?"

"மாத்துவாங்க," என்றேன். "என் மக கேட்டா. நான் கூடாதுன்னுட்டேன்."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து, "அப்ப போயிச் சொல்லத்தான் வேணும்," என்ற குரல் மட்டும் வந்தது.

"நீங்க பொய் சொன்னது எனக்காகத்தான்னும் சேத்துச் சொல்றேன்," என்றேன் பால்பாண்டியிடம். "அதுக்கு மேல கேசு வந்தா முடியுற வரைக்கும் நான் ஊரவிட்டுப் போகல. பிளேன் போனா போகட்டும்."

அவர் மின்விசிறியின் இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போயிட்டு வாங்க பாய்," என்றார் கடைசியில். "ஆனா அந்த இங்கிலீசு வேணாம்."

6

குற்றத்தை ஒப்புக்கொள்வது இவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் நின்ற காவலர், ஏதாவது தொலைந்துவிட்டதா என்றார். இல்லை, குற்றம் செய்திருக்கிறேன் என்றேன். யார்மேல் புகார் என்றார். என்மேல் என்றேன். அவர் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "வீட்டுல பெரியவங்க யாரும் கூட வரலையாய்யா?" என்று கேட்டார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவரிடம் அனுப்பினார்கள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "அந்த டிரைவர் ஒங்கள மெரட்டுறானா?" என்றார்.

"இல்லை. நான்தான் ஓட்டினேன்."

"வயசானவுகளுக்குச் சில சமயம் அப்படித் தோணும்யா. பேசாம வீட்டுக்குப் போயிப் படுங்க."

மதியம் தாண்டி சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். என்னைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"முட்டியப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்யா," என்றார்.

"தெரிஞ்சும் ஏன் அவர் லைசென்ஸ வாங்கினீங்க?"

"நான் ஓட்டுனேன்னு அவன் சொன்னான். அவன் ஓட்டுனான்னு நீங்க சொன்னீங்க. முட்டி சொல்லுச்சுன்னு நான் எப்படி எழுதுறது?"

பையிலிருந்து ஆஸ்திரேலியா லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். நடந்ததைத் தமிழில், முதலிலிருந்து, விட்டுப்போகாமல் சொன்னேன். பால்பாண்டி பொய் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்றும், அதை என் பொய்யோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. இன்னொன்று பாக்கியிருந்தது. அதைச் சொல்லத்தான் உண்மையில் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்த இளம் போலீஸ்காரரும் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"இவர் பால்பாண்டிய பிடரியில அடிச்சார். நான் பாத்தேன். ஓட்டினவன் நான்னு தெரிஞ்சிருந்தா என்னை அடிச்சிருக்க மாட்டார். யார் ஓட்டியிருந்தாலும் அடிச்சிருக்கக் கூடாது. இதையும் எழுதிக்குங்க."

வெளியே யாரோ டீக்குச் சர்க்கரை போதாது என்று சண்டை போடுவது கேட்டது. சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த உபசாரம் மறைந்தது.

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே நீங்க," என்றார்.

"சொல்லிருக்கணும். நெழல்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "ரெண்டையும் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மேல அனுப்பணும்னா அனுப்புறேன். ஆனா ஒங்க மேலயும் கேசு உண்டு, காரு ஓனரு மேலயும் உண்டு. கோர்ட்டுக்கு வரணும்."

எழுதிக் கொடுத்தேன். கதவருகே நின்ற இளைஞர் தன் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ தேடுகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

மாஜிஸ்திரேட் ஒரே கேள்விதான் கேட்டார், நானும் ஒரே வாக்கியம்தான் சொன்னேன். அதை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்திருந்தேன். நூர்ஜஹான் மாஜிஸ்திரேட்டாக இருந்து, "சத்தமாச் சொல்லுங்க, கேக்கல," என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அபராதம் கட்டினேன். லைசென்ஸ் இல்லாதவனிடம் காரைக் கொடுத்ததற்காகக் காதரும் கட்டினார். "ஒங்க மனசாட்சிக்கு நான் எதுக்கு மச்சான் அபராதம் கட்டணும்?" என்று இன்றுவரை எல்லாக் கல்யாண வீடுகளிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பால்பாண்டியைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனியில் அவருடைய பழைய வேனை உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் அட்டைப்பெட்டி லோடு வண்டி ஓட்டவிட்டார்கள். சீசன் சூடுபிடித்து ஆட்கள் போதாமல் போனபோதுதான் வேன் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் போன சம்பாத்தியம் போனதுதான். நான் கொடுக்க முயன்றபோது அவர் வாங்கவில்லை. செல்வி வாங்கிக்கொண்டார். "அவரு வேணாம்பாரு பாய். இப்படிக் குடுங்க," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடித்ததைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது மேலே போனதா, எனக்குத் தெரியாது.

கிளம்புகிற அன்று மதுரை விமான நிலையத்துக்குப் பால்பாண்டிதான் ஓட்டினார். ஏறியதும் முதல் வேலையாகக் கீழே கையை விட்டு இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். கால்களை நீட்டிக்கொண்டு, "இப்பத்தான் இது காரு," என்றார். விருதுநகர் தாண்டுவதற்குள் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதே இளம் போலீஸ்காரர்! என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னைக்கு யாரு ஓட்டுறது?"

"சந்தேகமா இருந்தா முட்டியப் பாத்துக்கோங்க சார்," என்றார் பால்பாண்டி.

போலீஸ்காரரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, போ," என்றார். பிறகு கண் என் பக்கம் வந்ததும், "போங்க," என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் நான் பெருமையோடு சொன்னேன்: "பாத்தீங்களா பால்பாண்டி, 'போங்க'ன்னார்!"

"அது ஒங்களுக்குச் சொன்னது பாய்," என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க பிளேன் ஏறுனப்புறம் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு நான் போன் போடுறேன்."

அவர் அடிக்கடி போன் செய்கிறார். வேன், மழை, செல்வி, காதரின் புலம்பல் எல்லாம் பேசுகிறோம். அந்தப் போலீஸ்காரர் அப்புறம் என்ன சொன்னார் என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

8

மெல்பர்ன் திரும்பியதும் யாஸ்மினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிக்னல் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. எழுந்து போய் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குழாயை மூடாமலே, தமிழில் கேட்டாள்:

"என்னைப் பத்தி எழுதுனப்ப என் பேரைப் போட்டீங்கள்ல, அத்தா?"

"போட்டேன்."

"அப்ப இதையும் எழுதுங்க. அம்மா வாசிச்சுக் காட்டட்டும்."

சரி என்று சொல்லிவிட்டு ஒரு வருடம் எழுதாமலே இருந்தேன். கண் சரியில்லை, பேனா சரியில்லை, தீபாவளி மலருக்கு இது பொருந்தாது என்று ஒவ்வொரு காரணம். போன சனிக்கிழமை அந்தப் பெண் கருவியை நீட்டியபோதுதான், ஒரு வருடமாக உள்ளே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

அவர் என்னைப் போகச் சொன்ன பிறகும் நான் உடனே கிளம்பவில்லை. பின்னால் ஒரு பழைய லாரி நின்றது. ஓட்டுகிறவர் சுண்ணாம்பு படிந்த சட்டை போட்ட இளைஞர். ஜன்னலை ஏற்றாமலே, அவரிடம் அந்தப் பெண் எந்தக் குரலில் பேசுகிறார் என்று காதைத் தீட்டிக் கேட்டேன். எனக்கு எட்டிய தூரம்வரை அதே குரல்தான். நான் போன பிறகு எப்படியோ, தெரியாது.

லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். நூர்ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையை மடியில் சரியாக வைத்தாள்.

"நீங்கதான ஓட்டுறீங்க?" என்றாள். "அப்ப ஓட்டுங்க."